உக்காழ் சந்தையில் கேட்டவர்கள்

இது சற்று நீண்ட பதிவு. கவியரங்கு, கதைசொல்லல் அரங்கு, இலக்கியப் பெருவிழா என்று ஊருக்கு ஊர் அழைப்பிதழ்கள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

எமது விழா அழைப்பிதழ்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. தலைமை வகிப்பவர், பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், கவிபாடுவோர் என்று பெயர்கள் நிறைந்திருக்கும். கேட்க வருகின்றவர்களுக்குக் கடைசியில் ‘அனைவரும் வருக’ என்ற ஒரே ஒரு வரி. விழா என்பது மேடையில் இருப்பவர்களுடையது என்று நாம் பழகிவிட்டோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. அரபுலகின் மிகப் புகழ்பெற்ற கவிதை விழாவை நடத்தியவர்கள் பாடியவர்கள் மட்டுமல்லர். அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் கேட்டவர்கள்.

அந்த விழாவின் பெயர் உக்காழ். மக்காவுக்கு அப்பால், நக்லாவுக்கும் தாயிஃபுக்கும் இடைப்பட்ட ஒரு வெளி. இஸ்லாத்துக்கு முந்திய காலத்தில், துல்கஃதா மாதம் பிறந்ததும் அரபுக் கோத்திரங்கள் அங்கே கூடும். சுமார் 20 நாட்கள் அங்கே தங்கிவிட்டு, அடுத்து மஜன்னா, அதன் பின்னர் துல்மஜாஸ் என்று சந்தை சந்தையாக நகர்ந்து ஹஜ்ஜுக்குப் போய்ச் சேர்வார்கள். உண்மையில் அது ஒரு வியாபாரச் சந்தைதான். தோல், துணி, வாசனைத் திரவியம், ஒட்டகம், அடிமைகள் எல்லாம் அங்கே கைமாறின. கடன் தீர்த்தார்கள், கைதிகளை மீட்டார்கள், உடன்படிக்கை செய்தார்கள். இத்தனைக்கும் நடுவில் கவிதை பாடினார்கள். ‘அய்யாமுல் அரப்’ எனப்படும் கோத்திரப் போர்க் கதைகளையும் கவிதையோடு சேர்த்தே சொன்னார்கள். கதையின்றி அந்தக் கவிதை விளங்காது. கவிதையின்றி அந்தக் கதையை எவரும் நம்பமாட்டார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமூகத்தில் இரத்தப் பழி தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. தன் தந்தையைக் கொன்றவனின் கோத்திரத்தோடு ஒரே வெளியில் எப்படி அமர்ந்து கவிதை கேட்பது? துல்கஃதா போர் விலக்கப்பட்ட நான்கு மாதங்களில் ஒன்று என்பதுதான் அதற்கு வழி செய்தது. பெயர் பெற்ற வீரர்கள் எதிரி அடையாளம் கண்டுவிடாதபடி முகத்தை மூடிக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள் என்றும், மக்காவின் செல்வந்தரான அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனிடம் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு நடமாடினார்கள் என்றும் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாளைக் கழற்றி வைத்த பிறகே செவி திறந்திருக்கிறது. இந்த ஒழுங்கு ஒருமுறை உடைந்தது. உக்காழுக்கு வந்த ஒரு வியாபாரக் கூட்டத்துக்குக் காவலாக வந்தவரின் கொலையை அடுத்து மூண்டதுதான் ‘ஃபிஜார்’ யுத்தம். விலக்கப்பட்ட மாதத்தை மீறிய யுத்தம் என்பதால்தான் அந்தப் பெயர். அப்போது இளைஞராயிருந்த நபி (ஸல்) அவர்கள் தமது பெரிய தந்தையருடன் அதில் இருந்தார்கள் என்பதை ஸீராவில் படித்திருப்போம்.

உக்காழின் கவிதைப் பகுதியில் எல்லோரும் சொல்லும் செய்தி, கவிஞர் அந்நாபிகாவின் கூடாரம் பற்றியது. அவருக்காகச் சிவந்த தோலினால் ஒரு கூடாரம் அமைக்கப்படும். கவிஞர்கள் வந்து பாடுவார்கள். அவர் தீர்ப்புச் சொல்வார். அஃஷா பாடினார், ஹஸ்ஸான் பின் ஸாபித் பாடினார், அல்கன்ஸா என்ற பெண் கவிஞரும் பாடினார். அஃஷா மட்டும் முந்தியிருக்காவிட்டால் அல்கன்ஸாவுக்கே முதலிடம் தந்திருப்பேன் என்று அந்நாபிகா சொன்னதும், ஹஸ்ஸானுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கவிதையில் என்ன குறை என்று கேட்டார். குறை ஒரு பன்மைச் சொல்லில் இருந்தது. அரபு மொழியில் சிலவற்றைக் குறிக்க ஒரு பன்மையும் பலவற்றைக் குறிக்க வேறொரு பன்மையும் உண்டு. தன் குலத்தின் விருந்துப் பாத்திரங்களையும் வாள்களையும் பெருமையாகப் பாட வந்த ஹஸ்ஸான், சிலவற்றைக் குறிக்கும் பன்மையைப் போட்டுவிட்டார். புகழ வந்தவர் தன்னையறியாமல் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்!

இந்தச் சம்பவம் பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. விமர்சித்தவர் அல்கன்ஸாதான் என்பாரும் உண்டு; இலக்கணம் படித்த பிற்காலத்தவர்கள் சேர்த்த கதை என்று ஐயுற்றவர்களும் உண்டு. எப்படியாயினும், நல்ல செவி என்றால் என்னவென்று அரபுகள் கருதினார்கள் என்பதை அது காட்டுகிறது. ஒரு பன்மை விகுதியில் சறுக்கினாலும் அதைப் பிடித்துவிடுகின்ற செவி. அப்படிப்பட்ட செவிகளுக்கு முன்னால் பாடுவதென்றால், கவிஞர் எத்தனை முறை தன் வரிகளைத் திருத்தியிருக்க வேண்டும்!

இன்னொரு புகழ்பெற்ற செய்தி, ‘முஅல்லகாத்’ பற்றியது. மிகச் சிறந்த கவிதைகளைப் பொன் எழுத்தில் எழுதிக் கஃபாவில் தொங்கவிட்டார்கள் என்பதை நாம் வகுப்பில் கேட்டிருக்கிறோம், சொல்லியும் கொடுத்திருக்கிறோம். ஆனால் கி.பி. 950 அளவில் மரணித்த எகிப்திய இலக்கண அறிஞர் அந்நஹ்ஹாஸ், இதற்கு ஆதாரமில்லை என்று அன்றே மறுத்துவிட்டார். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் அதே கருத்தினர். அந்த நெடுங்கவிதைகள் ஏழையும் ஒன்றாகத் தொகுத்தவர் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹம்மாத் என்பவர். அவருடைய பட்டப்பெயர் ‘அர்ராவியா’. மனனம் செய்து எடுத்துரைப்பவர் என்று பொருள்.

ஆகவே அந்தக் கவிதைகளைக் காப்பாற்றியது சுவர் அல்ல, மனிதர்களின் நெஞ்சம். ஒவ்வொரு பெரிய கவிஞருக்கும் ஒரு ‘ராவி’ இருந்தார். கவிஞரோடு கூடவே இருந்து, கேட்டு, மனனம் செய்து, அடுத்த சந்தையில் எடுத்துச் சொல்வது அவரது வேலை. கேட்டுக் கேட்டே அவரும் கவிஞராவார். அவ்ஸ் பின் ஹஜரின் ராவியாக இருந்தவர் ஸுஹைர். ஸுஹைரிடம் கற்றவர்கள் அவரது மகன் கஅபும், அல்ஹுதைஆவும். அந்தக் கஅப் (ரலி) தான் பின்னாளில் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் தன் கஸீதாவைப் பாடி, அவர்களது போர்வையைப் பரிசாகப் பெற்றவர் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. பல நூற்றாண்டுகள் கழித்து எகிப்தின் பூஸிரி இமாம் இயற்றியதும், எமது பள்ளிவாசல்களில் இன்றும் ஓதப்படுவதுமான கஸீதாவுக்கு ‘புர்தா’, அதாவது போர்வை, என்ற பெயரே வழங்குகிறது. ஒரு தலைமுறை கேட்டதால்தான் அடுத்த தலைமுறையில் பாடுவதற்கு ஆள் இருந்தது.

‘கவிஞர்களைப் பற்றி அல்குர்ஆனில் கண்டனம் வந்திருக்கிறதே, பிறகு ஏன் கவியரங்கு?’ என்று சிலர் கேட்பதுண்டு. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதியில் கண்டனமும் இருக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு விதிவிலக்கும் அங்கேயே இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். அதே ஹஸ்ஸானுக்காக (ரலி) மஸ்ஜிதில் ஒரு மிம்பர் வைக்கச் செய்தார்கள். அதைவிடவும் எமது மனதைத் தொடுவது ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவம். ஷரீத் (ரலி) ஒருநாள் நபியவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து போகிறார். ‘உமையா பின் அபிஸ்ஸல்த்தின் கவிதை ஏதும் உனக்குத் தெரியுமா?’ என்று நபியவர்கள் கேட்கிறார்கள். உமையா தாயிஃபைச் சேர்ந்த கவிஞர், இஸ்லாத்தை ஏற்காதவர். ஷரீத் ஒரு பாடலைச் சொல்கிறார். இன்னும் சொல் என்கிறார்கள். அடுத்ததைச் சொல்கிறார். இன்னும் சொல் என்கிறார்கள். இப்படியே நூறு பாடல்கள் வரை சொல்லி முடிக்கிறார்.

நூறு பாடல்கள்! தம்மை ஏற்காத ஒருவரின் கவிதையை, பயணத்தில், நடுவில் நிறுத்தாமல், ‘இன்னும்’ என்று கேட்டு வாங்கிய செவி அது. நபியவர்கள் தோழர்களுடன் உக்காழ் சந்தையை நோக்கிப் புறப்பட்ட ஒரு பயணத்தில்தான், நக்லாவில் அவர்கள் ஓதிய ஃபஜ்ருத் தொழுகையின் கிராஅத்தை ஜின்கள் நின்று கேட்ட நிகழ்வும் நடந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம்.

உக்காழ் எப்படி முடிந்தது? மக்காவின் வரலாற்றை எழுதிய அல்அஸ்ரகீ காரணத்தைச் சொல்கிறார். ஹிஜ்ரி 129இல், அதாவது கி.பி. 747 அளவில், ஹரூரிய்யாக் கிளர்ச்சியாளர்கள் மக்காவில் எழுச்சி பெற்றார்கள். கொள்ளையடிக்கப்படுவோம் என்று பயந்து மக்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். மஜன்னாவும் துல்மஜாஸும் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டன. ஆயுதம் கழற்றி வைக்கப்பட்டபோது கூடிய சபை, பயம் வந்தபோது கலைந்துவிட்டது. முப்பது வருட யுத்தத்தில், இரவில் கூடியிருந்து கதை கேட்கும் வழக்கமே அற்றுப்போன கிராமங்களை அறிந்த எமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கேட்கும் பழக்கம் சாகவில்லை, இடம் மாறியது. பஸ்ராவுக்கு வெளியே ‘மிர்பத்’ என்ற ஒட்டகச் சந்தை இருந்தது. ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரையொருவர் தாக்கிப் பாடிய கவிதைச் சண்டை சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் பெரிய களம் மிர்பத்தான். பின்னர் அங்கே மொழியறிஞர்கள் போய் நின்று, பாலைவன மக்களின் பேச்சையும் பாட்டையும் செவியுற்றுக் குறித்தார்கள். அரபு உரைநடையின் பேராசான் அல்ஜாஹிழ் நாவன்மையைக் கற்றது மிர்பத்தின் அரபுகளிடம் என்பார்கள்.

தமிழ் வழக்கத்திலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. அதுதான் அரங்கேற்றம். சபை கேட்டு, தடை எழுப்பி, விடை பெற்று, ஏற்றுக்கொண்டால்தான் நூல் நூலாகும். முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையதான ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது என்று இலக்கிய வரலாறு கூறுகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல்தான் அச்சேறியது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது ஏட்டிலும் செவியிலுமே வாழ்ந்தது. ஒருவர் இராகமெடுத்துப் படிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஊர் இருந்து கேட்டது. எழுத்து வாசிக்கத் தெரியாத எமது மூத்தம்மாமார் கிஸ்ஸாக்களையும் மாலைகளையும் வரி பிசகாமல் சொன்னது இப்படித்தான். அவர்களும் ராவிகள்தாம், அந்தப் பெயரை அவர்களுக்கு யாரும் சூட்டவில்லை.

இப்போது எமது மண்டபங்களுக்கு வருவோம். பல விழாக்களில் நாம் காண்பது என்ன? அதிதிகள் உரையாற்றிவிட்டு எழுந்து போகிறார்கள். கவிபாட வந்தவர், தன் முறை முடிந்ததும் பொன்னாடையோடு படம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். கடைசியாகப் பெயர் கூப்பிடப்படுவது பெரும்பாலும் ஒரு மாணவனோ மாணவியோதான். இரண்டு கிழமை பாடமாக்கி வந்த கவிதையை அந்தப் பிள்ளை வெறும் கதிரைகளுக்குப் பாடிவிட்டு இறங்குகிறது. மேடை கொடுத்தோம் என்று நாம் திருப்திப்படுகிறோம். பிள்ளைக்குக் கிடைத்தது ஒலிவாங்கி மட்டும்தான். நூறு பேர் முகநூலில் விருப்பம் இட்டாலும், ‘இன்னும் சொல்’ என்று ஒருவர் கேட்டதற்கு அது ஈடாகாது.

எனவே ஆசிரியர்களாகிய எமக்கும், விழா எடுக்கும் நண்பர்களுக்கும் மூன்று விடயங்களைச் சொல்லலாம். பிள்ளைகளை முதலில் பாடவிடுங்கள், பெரியவர்கள் பிறகு பாடட்டும். பாட வந்தவர்கள் கடைசி வரை இருந்து கேட்பதை அழைப்பிதழிலேயே நிபந்தனையாகப் போடுங்கள். மாணவர்களை விழாவுக்குக் கூட்டிப் போனால், மறுநாள் வகுப்பில் ‘யார் யார் பாடினார்கள்?’ என்று கேட்க வேண்டாம். ‘உனக்கு எந்த வரி ஞாபகம் இருக்கிறது, அதைச் சொல்’ என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளை ஒரு வரியைச் சரியாகச் சொல்லிவிட்டால், அந்தக் கவிதைக்கு ஒரு ராவி கிடைத்துவிட்டார்.