உளவளத்துணை

இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளை "மனசு சரியில்ல டீச்சர்" என்றுதான் சொல்லும். அதைக் கேட்டு உதவுவதற்கு இலங்கைத் தமிழில் வழங்கும் பெயர் உளவளத்துணை, உதவுபவர் உளவளத்துணையாளர். தமிழ்நாட்டில் மனநல ஆலோசகர் என்பார்கள்.

உளம் என்பது உள்ளத்தின் குறுக்கம். அதன் அடி 'உள்'. 'வளம்' என்றதால் நோயின் வாடை இல்லை. 'துணை'தான் இச்சொல்லின் உயிர். பழந்தமிழில் அதற்கு இரட்டை, இணை என்றும் பொருள். துணையடி என்றால் இரு பாதங்கள். ஆலோசகர் எதிரே அமர்ந்து யோசனை சொல்பவர். துணை கூடவே நடப்பவர். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, லயத்தில் அம்மாயியோடு வளரும் பிள்ளைக்கு இரண்டாமவரே தேவை.

இன்னொரு சொல் ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்ற கலைஞன் வறியவனுக்கு வழிகாட்டிய மரபு அது. அழகான சொல்தான், ஆனால் 'ஆறுதல்' என்றே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள்.

எழுதும்போது 'வளதுணை' என்று எழுதாதீர்கள்; வளம் + துணை = வளத்துணை. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய தொலைபேசி எண்களை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.