நடுவழி என்பது எது? யூத ஆன்மிக மரபும் வன்னியில் வாழும் நாமும்

போர் முடிந்த பின்னர் வன்னிக்கு வந்த அறிவுரைகளுக்குக் குறைவே இல்லை. 'நடந்ததை மறந்துவிடுங்கள்', 'மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்', 'சமநிலையோடு வாழப் பழகுங்கள்' என்று முகாம்களிலும் மீள்குடியேற்றத்திற்குப் பிந்தைய கூட்டங்களிலும் கேட்டுக் கேட்டு எமக்கு அலுத்துவிட்டது. சொன்னவர்களில் பலர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் இழப்பை அறியாத வாயிலிருந்து வரும்போது அந்தச் சொற்கள் மனதில் ஒட்டுவதில்லை.

ஆகவே, இடப்பெயர்வையும் பெரும் இழப்பையும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஒரு சமூகம் சமநிலையான வாழ்வைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று தேடி வாசித்தேன். யூத மரபைத் தெரிவு செய்ததற்கு அதுவே காரணம். இஸ்ரேல் அரசின் செயல்கள் பற்றி வாசகர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். இங்கு நான் எழுதுவது அந்த அரசு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒரு ஆன்மிக மரபைப் பற்றி மட்டுமே. அந்த மரபு எமக்கு முற்றிலும் தொலைவானதும் அல்ல. எமக்கு அண்மையில் உள்ள கொச்சியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

இடம்பெயர்ந்த ஒருவரின் நடுவழி

யூத மரபில் சமநிலையைப் பற்றி அதிகம் பேசியவர் மைமோனிடீஸ். ஸ்பெயினின் கோர்டோபா நகரில் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர். 1148இல் அந்நகர் அல்மொஹாத்துகளின் கையில் வீழ்ந்தபோது அவர் இன்னும் சிறுவன். அவருடைய குடும்பம் ஊரை விட்டு வெளியேறி, பல ஆண்டுகள் அலைந்து, மொரோக்கோவின் பெஸ் நகரில் தங்கி, இறுதியில் எகிப்தில் குடியேறியது. அங்கு மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் வாழ்ந்து 1204இல் காலமானார்.

ஒவ்வொரு குணத்திற்கும் இரண்டு எல்லைகள் உண்டு, நடுவில் நிற்பதே நல்வழி என்பது அவரது போதனை. கஞ்சத்தனம் ஒரு எல்லை, ஊதாரித்தனம் மறு எல்லை. கோழைத்தனம் ஒன்று, கண்மூடித்தனமான துணிவு மற்றொன்று. ஒரு எல்லைக்குப் போய்விட்டவர் சிறிது காலம் எதிர் எல்லையைப் பழகித்தான் நடுவுக்கு வரமுடியும் என்றார். மருத்துவர் என்பதால் அதை ஒரு வைத்தியமாகவே விளக்கினார். ஆனால் செருக்கு, கோபம் ஆகிய இரண்டுக்கும் நடுவழி போதாது, அவற்றிலிருந்து முற்றாக விலக வேண்டும் என்பது அவர் வகுத்த விலக்கு.

இதைச் சொன்னவரின் வாழ்வில் நடந்ததையும் அறிய வேண்டும். அவரது தம்பி தாவீது இரத்தின வியாபாரி. குடும்பத்தைத் தாங்கியவர் அவரே. இந்தியாவுக்கான வணிகப் பயணத்தில் அவர் சென்ற கப்பல் மூழ்கியது. எங்கள் கரைகளைத் தொடும் இதே இந்து சமுத்திரத்தில்தான் அவர் மறைந்தார். செய்தி வந்த நாள் முதல் ஏறத்தாழ ஒரு வருடம் தான் காய்ச்சலோடும் மனச்சோர்வோடும் படுக்கையில் கிடந்ததாக மைமோனிடீஸ் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். எட்டு வருடங்கள் கழித்து எழுதிய அந்தக் கடிதத்திலும் துயரம் ஆறவில்லை. தம்பியின் விதவையும் சிறு மகளும் அவர் பொறுப்பில் இருந்தனர்.

துக்கத்துக்கு ஒரு அளவு

யூத வழக்கில் அடக்கம் முடிந்ததும் ஏழு நாட்கள் வீட்டில் துக்கம் காக்கிறார்கள். உறவினர் தாழ்ந்த இருக்கையில் அமர்வார்கள், தொழிலுக்குப் போகமாட்டார்கள். முதல் உணவை அயலவர் சமைத்துக் கொண்டுவர வேண்டும். துக்கம் விசாரிக்க வருபவர், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை பேசக்கூடாது. பின்னர் முப்பதாம் நாள் வரை ஒரு கட்டம். தாய் தகப்பனை இழந்தவருக்கு ஒரு வருடம் வரை இன்னொரு கட்டம். துடக்கு, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆட்டைத்திவசம் என்று படிப்படியாக இழப்பைக் கடக்கும் எமக்கு இது அந்நியமாகத் தெரியாது.

துக்கமே காக்காதவர் இரக்கமற்றவர், அளவுக்கு மீறித் துயரப்படுபவர் தன்னையே வருத்துகிறார் என்று மைமோனிடீஸ் தனது சட்ட நூலில் எழுதினார். அவரே ஒரு வருடம் படுக்கையில் கிடந்தவர். படிகள் பாதையைக் காட்டுகின்றன, நடக்கும் வேகத்தை அவை தீர்மானிப்பதில்லை என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

2009இல் எம்மவர்க்கு அந்தப் படிகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பதுங்குகுழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடியவர்கள் எட்டும் முப்பத்தொன்றும் எப்படிக் காப்பது? அந்தத் துக்கம் தொடங்கவே இல்லை என்பதால்தான் இன்னும் முடியவும் இல்லை.

ஆறுதலை மறுத்த தகப்பன்

யூத வேதத்தின் தொடக்க நூலில் யாக்கோபு என்ற தகப்பனின் கதை வருகிறது. அவருடைய மகன் யோசேப்பைச் சகோதரர்களே விற்றுவிட்டு, இரத்தம் தோய்ந்த அங்கியைத் தகப்பனிடம் காட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் தேற்ற முயன்றும் அவர் ஆறுதல் கொள்ள மறுத்தார். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் பழைய மரபொன்றை எடுத்து இதற்கு விளக்கம் தருகிறார். இறந்தவர்களின் துயரம் காலப்போக்கில் நெஞ்சில் ஆறும்படி விதிக்கப்பட்டிருக்கிறது, உயிரோடு இருப்பவருக்கு அந்த விதி இல்லை. யோசேப்பு உயிரோடு இருந்தார், அதனால்தான் தகப்பனின் மனம் ஆறவில்லை என்பது அந்த விளக்கம்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளை நினைக்காமல் இதை என்னால் வாசிக்க முடியவில்லை. மரணச் சான்றிதழை வேண்டாம் என்ற தாய்மாரை 'யதார்த்தத்தை ஏற்காதவர்கள்' என்று சொன்னவர்கள் உண்டு. பதில் கிடைக்காதவரை ஆறுதல் கொள்ளாதிருப்பது ஒரு நோயல்ல என்று ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரு மரபே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதேவேளை, முடிவு செய்துவிட்ட குடும்பங்களுக்கும் அங்கு ஒரு வழி உண்டு. நாசிகளின் இனப்படுகொலையில் உறவினரை இழந்து, அவர்கள் இறந்த நாளை அறியாதவர்களுக்காக, தெவெத் மாதம் பத்தாம் நாளைப் பொதுவான நினைவு நாளாக இஸ்ரேலின் தலைமை ரபிமார் சபை அறிவித்தது. திதி தெரியாதவர்கள் அன்று இறந்தோருக்கான வேண்டுதலைச் சொல்கிறார்கள். எமக்கு ஆடி அமாவாசையும் சித்திரா பௌர்ணமியும் இருக்கின்றன. மே 18 இருக்கிறது. எந்த வழி என்பதை அந்தந்தக் குடும்பமே தீர்மானிக்க வேண்டும். அயலவர் தீர்மானிக்கக்கூடாது.

வாரத்துக்கு ஒரு குணம், வாரத்தில் ஒரு நாள்

19ஆம் நூற்றாண்டில் லிதுவேனியாவின் யூதரிடையே ரபி இஸ்ராயேல் சலாந்தர் 'முசார்' என்ற ஒழுக்கப் பயிற்சி இயக்கத்தை முன்னெடுத்தார். அதற்கு முன்பே, 1808இல், மென்டல் லெபின் என்பவர் ஆன்மாவின் கணக்கு என்று பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டிருந்தார். அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினின் முறையைத் தழுவிய நூல் அது. பொறுமை, ஒழுங்கு, பணிவு போன்ற பதின்மூன்று குணங்களைத் தெரிந்தெடுத்து, வாரத்துக்கு ஒன்றாகப் பழக வேண்டும். ஒவ்வொரு இரவும் அன்று தவறிய இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வாரம் முடிந்ததும் மீண்டும் முதலில் இருந்து தொடங்கினால், ஒரு வருடத்தில் ஒவ்வொரு குணமும் நான்கு தடவை வரும். ஒரு பழைய கொப்பியும் பேனையும் இருந்தால் போதும், செலவில்லாத பயிற்சி.

சபாத் எனும் ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிச் சனி இரவில் முடிகிறது. அன்று வீட்டுக்காரருக்கு மட்டுமன்றி வேலையாளுக்கும் மாட்டுக்கும்கூட ஓய்வு. உயிர் காக்க வேண்டி வந்தால் மட்டும் எல்லாத் தடையும் விலகும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு முழுநாள் ஓய்வு எளிதல்ல என்பதை அறிவேன். இருந்தாலும், வீட்டையும் வயலையும் தனியே சுமக்கும் பெண்களுக்கு ஓய்வு உரிமையே தவிரச் சோம்பல் அல்ல என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மன்னிப்பும் உதவியும்

நல்லிணக்கம் பற்றி எமக்குப் போதிப்பவர்கள் யூத மரபின் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மனிதருக்குச் செய்த தீங்குக்கு, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் சென்று இழப்பை ஈடுசெய்து மன்னிப்புக் கேட்கும்வரை இறைவனின் மன்னிப்பும் கிடையாது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால், பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குச் சென்று அவர்கள் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கனகபுரத்திலும் விசுவமடுவிலும் முள்ளியவளையிலும் கல்லறைகளே உடைக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். குற்றத்தை ஒப்புக்கொள்ள எவரும் வராத இடத்தில் மன்னிக்கும்படி எம்மை மட்டும் கேட்பது, இந்த மரபின்படியும் முறையல்ல.

இறுதியாகக் கொடை. மைமோனிடீஸ் அதை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. வீழ்ந்தவருக்குக் கடன் கொடுத்தோ, தொழிலில் பங்காளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ இனி அவர் யாரிடமும் கையேந்தாதபடி செய்வதே முதற்படி. அவர் சொன்ன கடனுக்கு வட்டி இல்லை என்பதை, நுண்கடன் தவணைக்காக வாசலில் வந்து நிற்பவர்களைக் கண்ட எம் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. புலம்பெயர் உறவுகள் ஊருக்கு அனுப்பும் உதவி எட்டில் எந்தப் படியில் நிற்கிறது என்று ஊரவரும் அனுப்புபவரும் சேர்ந்து யோசிப்பது நல்லது. ஒரு தையல் இயந்திரமோ, ஒரு வள்ளத்தில் பங்கோ, படப்பிடிப்போடு வழங்கும் உலருணவுப் பொதியை விட நெடுநாள் நிற்கும்.