கான்வேயின் கயிற்று நடனம்

நான்கு பேர், இரண்டு கயிறுகள், இரண்டே அசைவுகள் கொண்டு பின்னக் கணக்கைப் பழக்கும் ஆட்டம். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜான் ஹார்ட்டன் கான்வே (1937–2020) முடிச்சியலில் ‘விகிதமுறு சிக்கல்கள்’ (பின்னங்களால் குறிக்கக்கூடிய கயிற்றுச் சிக்கல்கள்) பற்றி 1970இல் எழுதினார்; அந்தக் கோட்பாட்டையே பின்னாளில் ஆட்களை மேடையேற்றி ஆடவைத்தும் காட்டினார்.

நால்வரும் ஒரு சதுரத்தின் மூலைகளில் நிற்பார்கள். பின்வரிசையில் இருக்கும் இருவர் ஒரு கயிற்றின் முனைகளையும், முன்வரிசையினர் இன்னொன்றையும் பிடித்திருப்பார்கள். இந்நிலையின் மதிப்பு 0. ‘முறுக்கு’ என்றதும் வலப்பக்கத்து இருவர் இடம் மாறுவர். ஒருவர் மற்றவரின் கயிற்றுக்கு அடியில் குனிந்து போக வேண்டும். மதிப்பில் 1 கூடும். ‘திருப்பு’ என்றால் எல்லோரும் ஒரு மூலை நகர்வார்கள். இருந்த எண் தலைகீழாகிக் குறியும் மாறும். 2 இருந்தால் −1/2. குனிய வேண்டியவர் மறந்து தன் கயிற்றை மற்றவரின் தலைக்கு மேல் தூக்கிக் கடந்துவிட்டால் 1 கூடாது, குறையும். வகுப்பில் அடிக்கடி நடப்பது இதுதான்.

தமிழகத்துப் பின்னல் கோலாட்டத்தில், பின்னிய அடிகளையே எதிர்த்திசையில் ஆடிக் கயிற்றைப் பிரிப்பார்கள். இங்கே அந்த வழி கிடையாது. அதே இரண்டு அசைவுகளாலேயே 0க்கு வந்தாக வேண்டும். மூன்று முறை முறுக்கி ஒருமுறை திருப்பினால் −1/3. அங்கிருந்து முறுக்கினால் 2/3, திருப்பினால் −3/2, இரண்டு முறுக்கில் 1/2, திருப்பினால் −2, மேலும் இரண்டு முறுக்கு, 0. கயிறுகள் சிக்கலின்றி இணையாக நிற்கும். குறை எண் என்றால் முறுக்கு, மிகை எண் என்றால் திருப்பு என்பதே சூத்திரம். உள்ளே ஓடுவது யூக்ளிட் மீப்பெரு பொதுக் காரணி கண்ட முறை. விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை, கயிறே சொல்லிவிடும்.

இதே சிக்கல் கணிதம் 1990 முதல் டி.என்.ஏ. இழைகளை நொதிகள் வெட்டி ஒட்டும் விதத்தை ஆராயவும் பயன்படுகிறது.

மீண்டும் ஆட்டத்துக்கு வருவோம்: தொடக்கத்திலேயே, 0இல் நின்றபடி ‘திருப்பு’ என்றால்? −1/0. பாடப்புத்தகம் கூடாதென்று சொல்லும் வகுத்தல் இது. ஆட்டத்திலோ கயிறுகள் குறுக்கே இருந்தவை நெடுக்கே ஆகின்றன, அவ்வளவே. அதன் பெயர் முடிவிலி. இப்போது ‘முறுக்கு’ என்று சொன்னால் இடம் மாறுவது ஒரே கயிற்றின் இரு முனைகள்தான். இழுத்துப் பிடித்தால் முன்பு இருந்தது போலவே இருக்கும். முடிவிலியோடு 1ஐக் கூட்டியாயிற்று.