பாஞ்சாலங்குறிச்சிப் போர், திரைப்படத்தில்

தூத்துக்குடி மாவட்டம் ஒட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் மீது ஆங்கிலக் கம்பெனி 1799இலும் 1801இலும் படையெடுத்தது. இப்போர்களைத் திரைக்குக் கொண்டுவந்த படங்களுள் பெரும்புகழ் பெற்றது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959). போர்ப்படம் எதனால் நாட்டுப்பற்றுப் படமாகிறது, எதனால் போர்மறுப்புப் படமாகிறது என்ற வினாவுக்கு இப்படம் காட்டுவதும் விட்டதும் சேர்ந்தே விடை தருகின்றன.

திரைக்கு முன் கதைப்பாடல்களிலும் தெருக்கூத்திலும் இக்கதை வழங்கியது. விடுதலைக்குப் பின் ம.பொ.சிவஞானம் எழுதிய நூல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுவியது. தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதினார். இரு தரப்பும் ஆவணம் காட்டுகின்றன, வழக்கு முடிந்தபாடில்லை.

படம், சக்தி டி.கே.கிருஷ்ணசாமி எழுதிச் சிவாஜி கணேசன் நடித்த மேடை நாடகத்திலிருந்து பிறந்தது. பி.ஆர்.பந்துலு இயக்கினார், ஜி.ராமநாதன் இசையமைத்தார். போர்க் காட்சிகள் ஜெய்ப்பூரில் எடுக்கப்பட்டமையால் கரிசல் காட்டுப் போர் ராஜஸ்தான் மண்ணில் நடக்கிறது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்வானார். மக்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வது போரையன்று, கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனுடன் நடத்தும் வரி பற்றிய வாக்குவாதத்தை. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் அச்சந்திப்பு நடந்தது உண்மை. வசனம் நாடக ஆசிரியருடையது. ஜாக்சனின் நடத்தையில் கம்பெனியே பின்னர் குறை கண்டு அவரை மாற்றியதும் உண்மை.

படம் 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் நிறைவேற்றப்பட்ட கட்டபொம்மனின் தூக்குடன் முடிகிறது. இப்படத்துக்கு இரண்டாண்டு முன் வந்த குப்ரிக்கின் ‘பாத்ஸ் ஆஃப் குளோரி’யும் விசாரணை, மரணதண்டனை என்றே நகர்கிறது. அங்கே பிரெஞ்சு வீரர் மூவரைச் சுடுவது அவர்களது சொந்தப் படை. எதிரிப்படை கண்ணிலேயே படுவதில்லை. இங்கே தூக்கிலிடுபவர் அந்நியர். காட்டிக்கொடுத்தவர் மட்டும் உள்ளூரார். கொல்பவர் யார் என்பதே இரு படங்களையும் பிரிக்கிறது எனலாம். ஆயினும் கணவன் வெள்ளையத்தேவனைப் போரில் இழக்கும் வெள்ளையம்மாளாகப் பத்மினி வரும் இடங்கள் போர்ப்பெருமையோடு முற்றும் ஒத்துப்போகவில்லை.

படம் தொடாதது 1801. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் மண்ணால் எழுப்பினார். மே 24இல் அது வீழ்ந்தது. கம்பெனித் தரப்பில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், போர்க்களத்தில் மகனைத் தேடிவந்த ஒரு தாயைப் பற்றி எழுதுகிறார். உயிர் பிரியும் நிலையிலிருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்கச் சொன்னான். தாய் அப்படியே செய்தாள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்தபோது பெண்கள் ஊமைத்துரையைத் துணியால் மூடி, அம்மையில் இறந்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தனர். வந்தவர் அஞ்சி ஓடினர். எதிரியே எழுதிவைத்த இக்காட்சி நாட்டுப்பற்றா, போர்மறுப்பா என்று எளிதில் வகைப்படாது. படமாக்கினால், தாயின் முகத்தில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து இரண்டுமாகலாம். ஊமைத்துரையும் 1801இலேயே தூக்கிலிடப்பட்டார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

அதே 1959இல் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்த மருது சகோதரர்களைப் பற்றியது.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழக அரசு நினைவுக்கோட்டை கட்டியது. பழைய கோட்டையின் அடித்தளம் அதற்கு அருகில் உள்ளது. முற்றுகையில் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகளும் அப்பகுதியில் உள்ளன. கட்டபொம்மனைக் காண வருவோரில் அங்கும் செல்பவர் குறைவு. படம் 2015இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளியானது.