மாட்டு வண்டியில் ஏறிய ஆப்பிள்

ஆப்பிள் செயற்கைக்கோள் மாட்டு வண்டியில் இருக்கும் படத்தைப் பலர் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார்கள். லாரிக்குக் காசில்லாத காலம் என்று அடியில் ஒரு வரி வேறு. விஷயம் அதுவல்ல.

அது ஒரு சோதனை. ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று திறந்த வெளியில் அளந்து பார்க்க வேண்டும். லாரியின் இரும்பு உடம்பு ரேடியோ அலைகளைத் திருப்பி அடித்து அளவைக் கெடுத்துவிடும். மர வண்டியில் அந்தத் தொல்லை குறைவு. அதனால்தான் மாடு பூட்டினார்கள்.

670 கிலோ எடை. பெங்களூரில் செய்தது. திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், நம்ம தமிழர். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அரசாணையில் தப்பு வந்தால் மறுநாளே திருத்தம் போட்டுவிடுவோம். 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குத் திருத்தம் அனுப்ப முடியுமா? அதனால் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சோதித்து, கோத்த பிறகு மறுபடி முழுசாகச் சோதிப்பார்கள். ராக்கெட் குலுக்குவதைப் போலக் குலுக்குவார்கள். காற்றை உறிஞ்சிய பெரிய அறையில் வைத்துக் கொதிக்கவும் உறையவும் விடுவார்கள்.

ஏவியது பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ. பள்ளியில் பிரெஞ்சில் பூகோளம் படித்த எங்களுக்குக் கயானா என்றால் கைதிகளை நாடு கடத்திய இடம்தான். ஆரியான் ராக்கெட்டுக்கு அது மூன்றாவது பயணம். 1980 மே மாதம் கிளம்பிய இரண்டாவது ராக்கெட் கடலில் போய் விழுந்திருந்தது. அதை நம்பி நம்முடையதை ஏற்றினார்கள் என்பதே பெரிய துணிச்சல் என்பேன். 1981 ஜூன் 19 அன்று நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை! இத்தனை சோதனைக்குப் பிறகும்தான். எடையே இல்லாத இடத்தில் தகடு எப்படி விரியும் என்பதைத் தரையில் அப்படியே செய்து பார்ப்பது கஷ்டம். இருந்த ஒரே தகட்டின் மின்சாரத்தை வைத்துக்கொண்டு, சூட்டையும் சமாளித்து, 1983 செப்டம்பர் வரை தொலைக்காட்சி, வானொலிப் பரிசோதனைகளை நடத்தினார்கள்.

அமெரிக்கக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிய இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரலில் மேலே போய் அதே ஆண்டு செப்டம்பரில் கைவிடப்பட்டது. அதன் படத்தை யாரும் எனக்கு அனுப்புவதில்லை.