ஒற்றை நுரையீரல்

வெள்ளாடு இருமுமா? ஆடு வளர்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே சிரிப்பாக இருக்கும். மழைக்கால இரவில் பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள், திண்ணைக் கிழவர்கள் தோற்றார்கள்! பெரும்பாலான இருமல் தானாக வந்து தானாகப் போய்விடும். நான் சொல்லப்போவது மந்தையையே காலி பண்ணிவிட்டுப் போகிற இருமலைப் பற்றி.

1873. அல்ஜீரியா. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். வெள்ளாடுகளைக் கொல்லும் ஒரு விநோத நோயைப் பற்றி தாமஸ் என்பவர் முதன்முதலாக விவரமாக எழுதினார். ஆனால் அந்த ஊர் இடையர்கள் அவரை முந்திவிட்டார்கள். 'பூ ஃப்ரிதா' என்று அதற்கு ஏற்கெனவே பெயரே வைத்திருந்தார்கள். 'ஒற்றை' நோய். செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரல் மட்டும் கல்லீரல் மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். அதைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் நீர் கோத்திருக்கும். மறுபக்கம்? ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்! படிக்காத இடையன் கண்ணில் பட்ட இந்த அடையாளம் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்படியே ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு, பிரிட்டிஷாரின் கேப் காலனிக்கு வாருங்கள். அங்கே ஆடு என்றால் அங்கோரா ஆடு. துருக்கியைச் சேர்ந்த சாதி. பட்டு மாதிரி மினுமினுக்கும் அதன் ரோமத்துக்கு 'மொகேர்' என்று பெயர். ஐரோப்பாவில் கொள்ளை விலை. 1838ல் ஹெண்டர்சன் என்ற இந்திய ராணுவக் கர்னல் 12 கிடாக்களையும் ஒரு பெட்டையையும் கொண்டுவந்து கேப்பில் இறக்கினார். கிடா அத்தனையும் மலடு! இந்தச் சாதி வெளிநாட்டில் பெருகிவிடக் கூடாது என்று ஏற்றுவதற்கு முன்பே காரியத்தை முடித்துவிட்டார்கள். ஆனால் பெட்டை சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழியிலேயே ஒரு கிடாக்குட்டியைப் போட்டது. கேப்பின் மொகேர் தொழில் ஆரம்பித்தது அந்த ஒற்றைக் குட்டியிலிருந்துதான்.

தொழில் வளர்ந்தது. நல்ல ரத்தம் வேண்டுமென்று துருக்கியிலிருந்து மேலும் மேலும் ஆடுகளை இறக்கினார்கள். அப்படி வந்த ஒரு கூட்டத்தோடு, 1881 வாக்கில், இருமலும் சேர்ந்து இறங்கியது.

காய்ச்சல் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முன்னங்கால்களை அகட்டி வைத்து, கழுத்தை விறைப்பாக நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகும். வாயில் எச்சில் ஒழுகும். இந்த நோயையே பார்த்திராத மந்தையில் நுழைந்தால், 100 ஆட்டில் 60 முதல் 80 வரை போய்விடும். (நம்மூரில் 'ஆட்டுக்கொல்லி' என்று பயப்படுகிறோமே, அது வைரஸ். இது பாக்டீரியா. அந்த ஊசி இதற்கு உதவாது.)

கேப்காரர்கள் நடுங்கிப்போனார்கள். காரணம் இருந்தது. 1853ல் ஹாலந்திலிருந்து வந்த காளைகள் மூலமாக, மாடுகளுக்கு இதே ரக நுரையீரல் நோய் உள்ளே வந்தது. இரண்டே வருடத்தில் லட்சம் மாடுகளுக்கு மேல் காலி. நிலத்தைப் பறிகொடுத்து, மாட்டையும் இழந்து தவித்த ஸோசா மக்களிடம் நோங்காவூசே என்ற சிறுமி, "இருக்கிற மாடுகளையும் கொன்றுவிடுங்கள், முன்னோர்கள் புது மந்தையோடு எழுந்து வருவார்கள்" என்று அருள்வாக்குச் சொன்னாள். நம்பினார்கள். கொன்றார்கள். 1857ல் வந்த பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் பட்டினியால் செத்தார்கள். ஓர் இருமலுக்குப் பின்னால் இவ்வளவும் வரும் என்று அந்த மண்ணுக்குத் தெரியும்.

அங்கே அரசாங்க கால்நடை மருத்துவராக இருந்தவர் டங்கன் ஹட்சியன். ஸ்காட்லாந்துக்காரர். 1880ல்தான் வேலையில் சேர்ந்திருந்தார். மனுஷன் கையில் என்ன இருந்தது? கிருமி எது என்று தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பிடிபடாத அளவுக்குப் பொடிசு அது. மாட்டு நோய்க்கான கிருமியையே 1898ல்தான் பாரிஸில் நோக்கார், ரூ என்ற இருவரும் சேர்ந்து வளர்த்துக் காட்டினார்கள்.

ஆனாலும் ஹட்சியன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். இது குளிராலோ புல்லாலோ வருவதில்லை, ஆட்டிடமிருந்து ஆட்டுக்குத் தொற்றுகிறது. பிறகென்ன? நோய் கண்ட ஆடுகளைக் கொல்லச் சொன்னார். அவற்றோடு பழகிய மற்ற ஆடுகளுக்கு ஒரு நாட்டு வைத்தியம். செத்த ஆட்டின் நுரையீரலிலிருந்து சாறு எடுத்துத் தோலுக்கடியில் ஏற்றுவது. மாடுகளுக்கு இதே காரியத்தை, வால் நுனியில், பெல்ஜியத்து டாக்டர் லூயி வில்லெம்ஸ் 1852லேயே செய்து காட்டியிருந்தார். மூச்சு வழியாகப் போனால் கொல்லும் கிருமி தோல் வழியாகப் போனால் உடம்புக்கு அறிமுகம் மட்டும் ஆகும் என்பது கணக்கு. முரட்டு வைத்தியம்தான். ஆனால் நோய் ஒழிந்தது. கேப்பிலிருந்து துடைத்து எறியப்பட்டது!

அதே 1881. மே மாதம். பிரான்ஸில் லூயி பாஸ்டர் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டார். ஜூன் 2ம் தேதி நிருபர்களும் பிரமுகர்களும் வந்து பார்த்தால், ஊசி போட்ட செம்மறிகள் நிற்கின்றன, போடாதவை சாய்ந்துகிடக்கின்றன. உலகமே கைதட்டியது. பாஸ்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஹட்சியன் பெயர் கால்நடை மருத்துவப் புத்தகங்களைத் தாண்டி வரவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கிருமியைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம் என்று நினைப்போம். இங்கே நடந்தது தலைகீழ். இருபதாம் நூற்றாண்டில், இருமும் ஆடுகளிடமிருந்து மைக்கோப்ளாஸ்மா ரகக் கிருமி ஒன்றை எடுத்தார்கள். 'இவன்தான் குற்றவாளி' என்று தீர்ப்பும் எழுதினார்கள். பிரச்னை என்னவென்றால், அந்த ஆசாமி நுரையீரலோடு நிற்பதில்லை. மூட்டு, மடி, கண் என்று எங்கும் போவான். அல்ஜீரிய இடையன் பார்த்ததோ, நுரையீரலை விட்டு நகராத நோய். இரண்டும் எப்படி ஒன்றாகும்? இந்தக் கேள்வியோடு பல பத்தாண்டுகள் ஓடின.

1976ல் கென்யாவில் மெக்கோவன், மினெட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் புதிதாக ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் கூட இல்லை, 'எஃப் 38' என்று ஓர் எண். அதை நல்ல ஆட்டுக்குக் கொடுத்தபோது அசல் நோய் வந்தது. ஆய்வுக்கூடத்தில் ஆமை வேகத்தில், ஏகப்பட்ட நிபந்தனைகளோடு வளரும் கிருமி அது. வேகமாக வளர்கிற சொந்தக்காரக் கிருமிகள் முந்திக்கொண்டு முகத்தைக் காட்டியதால், அசல் ஆள் அத்தனை நாள் தப்பித்தான். போலீஸ் ஸ்டேஷனிலும் இதுதானே நடக்கிறது!

மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. பென்சிலின் உடைக்கும் சுவரே இல்லாதபோது பென்சிலின் போட்டு என்ன பயன்? டெட்ராசைக்ளின், டைலோசின் மாதிரி மருந்துகளை ஆரம்பத்திலேயே கொடுத்தால் கேட்கும். ஆனால் பிழைத்த ஆட்டிடம் கிருமி ஒளிந்திருக்கலாம். ஆகவே தடுப்பூசிதான் வழி. எஃப் 38ஐக் கொன்று, சப்போனின் என்ற தாவரப் பொருளோடு கலந்து 1980களில் கென்யாவில் தயாரித்தார்கள். ஒரு ஊசி, சுமார் ஒரு வருடப் பாதுகாப்பு. நல்ல ஊசி. ஆனால் கிருமி மெதுவாக வளர்கிறதே, ஒரு டோஸுக்கு வேண்டிய சரக்கைச் சேர்ப்பதற்குள் செலவு ஏறிவிடுகிறது. நாலு ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

2002ல் துருக்கியின் ஐரோப்பியப் பகுதியான திரேஸில் ஆடுகள் செத்தன. சோதித்தால், எஃப் 38! கேப்புக்கு நோயை ஏற்றி அனுப்பிய அதே நாடு. 2012ல் திபெத்தின் உயரமான புல்வெளிகளில் 'சீரு' என்கிற அபூர்வ மான்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. சுமார் 2,400 மான்கள். அவற்றின் நுரையீரலிலும் அதே கிருமிதான் கிடைத்தது. பட்டியில் கட்டிய ஆட்டுக்கு ஊசி போடலாம். சீருவைப் பிடித்து யார் போடுவது?