இருண்ட கண்டமும் எட்டாம் வகுப்பும்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு நம் ஊரைப் பற்றியோ நம் முன்னோரைப் பற்றியோ எழுதாமல், கடல்கடந்த ஆப்பிரிக்கப் பேரரசுகளைப் பற்றி எழுத முற்பட்டதேன் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் வரலாறு கற்பித்துவரும் நமக்கு, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் மாணவரை நிமிர்ந்து உட்காரச் செய்த பாடம் எதுவென எண்ணிப் பார்த்தால், இதுவே முன்னே வந்து நிற்கிறது. ஆதலின் எழுதுகின்றோம்.

நாம் நடுநிலைப் பள்ளியில் பயின்ற நாளில் ஆப்பிரிக்கா என்றால் ‘இருண்ட கண்டம்’. பூகோள ஆசிரியர் படத்தைச் சுவரில் மாட்டி, சகாரா, நைல், காங்கோ, கிளிமஞ்சாரோ என்று பிரம்பால் தொட்டுக் காட்டுவார். பாலை இருந்தது, ஆறு இருந்தது, மலை இருந்தது. மனிதர் இருந்ததாக நினைவில்லை. லிவிங்ஸ்டன் போனார், அவரை ஸ்டான்லி தேடிப் போனார். அவர்கள் போவதற்கு முன்பே அங்கு இருந்தவர்கள் யார் என்று கேட்க நமக்கும் தோன்றவில்லை. இது நம் ஆசிரியரின் குறையன்று. 1963ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பரே, ஆப்பிரிக்காவில் ஐரோப்பியரின் வரலாறு மட்டுமே உண்டு, எஞ்சியதெல்லாம் இருளே என்னும் பொருள்படப் பேசினார். பேராசிரியருக்கே இருளாய் இருந்தது, சிற்றூர் ஆசிரியருக்கு எவ்வாறு வெளிச்சமாகும்?

இன்னொரு செய்தியும் உண்டு. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவரின் பட்டமளிப்பு விழாவில் ஃபிரான்ஸ் போவாஸ் என்னும் மானிடவியல் அறிஞர் உரையாற்றினார். சகாராவுக்குத் தெற்கே விளங்கிய கறுப்பின அரசுகளைப் பற்றி அவர் எடுத்துரைத்தபோது, அங்கே பேராசிரியராயிருந்த டுபாய்ஸ் திகைத்துப் பேச்சிழந்தார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற அப்பெருமகனார், தம் இனத்தாரின் அரசுகளைப் பற்றி அதுவரை எவரும் தமக்குச் சொல்லவில்லையென்று பின்னாளில் எழுதினார். இந்த டுபாய்சுக்குத்தான் 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்திருந்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டே அக்கடிதம். டுபாய்ஸ் பரிவோடு மறுமொழி அனுப்பினார். அதற்கடுத்த ஆண்டில் ஆப்பிரிக்காவின் உலகப் பங்கினைப் பற்றித் தம் நூலொன்றை வெளியிட்டார். ஆசிரியராகிய நாம் பிந்திக் கற்றதில் வெட்கம் இல்லையென்பதற்கே இதனைச் சொன்னோம்.

இனி, வகுப்பறைக்கு வருவோம். கானா, மாலி, சோங்காய் என்று கரும்பலகையில் பட்டியலிட்டுத் தொடங்கினால் பாடம் அன்றே செத்துவிடும். மதுரைக்கு வந்து சென்ற ஒருவரைக் கொண்டு தொடங்குவது நம் வழக்கம். மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இபன் பதூதா, 1325இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். 1331இல் கிழக்காப்பிரிக்கக் கரையிலுள்ள கில்வா துறைமுகத்தைக் கண்டு அதன் அழகை வியந்தார். 1340களில் மதுரைக்கு வந்தார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருடைய மனைவிக்கு உடன்பிறந்தாளை மணந்தவர்; உறவுக்காரர். ஆயினும் அந்த உறவினர் பிடிபட்டோரைக் கழுவேற்றி, பெண்டு பிள்ளைகளையும் கொன்றதைக் கண்டு மனம் நடுங்கி, அதை வெளிப்படையாகவே கண்டித்து எழுதிவைத்தார். மதுரை என்ற பெயர் காதில் விழுந்தவுடன் கடைசி பெஞ்சுகூடக் காது கொடுக்கும்.

இதே மனிதர் 1352இல் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்றார். அவர் முகத்துதி செய்பவரல்லர். மாலி மன்னர் சுலைமான் வரவேற்புப் பரிசு அனுப்பியிருக்கிறார் என்று கேட்டு, பட்டாடையும் பொன்னும் வருமென எழுந்து நின்றவருக்கு, மூன்று ரொட்டியும், பொரித்த மாட்டிறைச்சித் துண்டும், ஒரு சுரைக்குடுவைத் தயிரும் வந்தன. சிரித்துவிட்டதாக அவரே எழுதுகிறார். அந்நாட்டாரின் பழக்கங்கள் சிலவற்றை அவர் இகழவும் தயங்கவில்லை. அத்தகையவர்தாம், அங்கே அநீதி மிகக் குறைவு, வழிப்போக்கன் கள்வருக்கு அஞ்ச வேண்டியதில்லை, அயல்நாட்டான் இறந்துபோனால் அவன் பொருளை எவரும் கவர்வதில்லை என்றும் எழுதினார். புகழ்வதற்குக் காரணமில்லாதவன் புகழ்ந்தால் அச்சான்றுக்கு எடை அதிகம். மாணவர் முதலில் கற்க வேண்டுவது இந்த எடையிடும் கலையே.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. திருக்குர்ஆனை மனப்பாடம் செய்யாத சிறுவர்க்கு அங்கே விலங்கிட்டு வைப்பராம். திருநாளன்று ஒரு நீதிபதியின் வீட்டுக்குச் சென்ற பதூதா, விலங்கோடு இருந்த பிள்ளைகளைக் கண்டு, ‘இவர்களை விடமாட்டீரா?’ என்று கேட்க, ‘மனப்பாடம் ஆகும்வரை விடேன்’ என்றாராம் அவர். இதைச் சொன்னால் வகுப்பு முழுதும் நம் கைப்பிரம்பை ஒருமுறை பார்க்கும். (பிரம்பை நாம் கைவிட்டுப் பல்லாண்டாகிறது, படம் தொடுவதற்கு மட்டும் உள்ளது.)

அடுத்து உப்பு. சகாராவின் நடுவில் தகாசா என்னும் ஊர். வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளத்தால் கட்டி, ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்தவை. ஓர் ஒட்டகச் சுமைக்கு இரண்டு பாளம். அச்சுமை வலாத்தா என்னும் ஊரில் எட்டு முதல் பத்து மிஸ்கால் பொன்னுக்கு விற்கும். மாலித் தலைநகரில் இருபது முதல் முப்பது, சில வேளை நாற்பதுக்கும் விற்கும். இக்கணக்கைக் கொடுத்து, வணிகனின் ஆதாயம் எத்தனை மடங்கு என்று போடச் சொல்லுவோம். கணக்கு ஆசிரியர் நம்மீது வருத்தப்பட்டதில்லை.

ஓராண்டில் கணக்கை முடித்த மாணவனொருவன் எழுந்து, “ஐயா, அந்த உப்பை வெட்டினவங்களுக்கு எவ்வளவு கிடைச்சது?” என்று கேட்டான். அவன் எந்தத் தெருப் பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தகாசாவில் உப்பு வெட்டியவர் அடிமைகள். பதூதா அதையும் எழுதியிருக்கிறார். அன்றுமுதல் இப்பாடத்தை நாம் நடத்தும் முறையே மாறிற்று. 1324இல் மன்சா மூசா மெக்காவுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் பொன்னை வாரி இறைத்தார் என்பதும், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின்னும் அங்கே பொன்விலை தேறவில்லையென அல்-உமரி எழுதினார் என்பதும், 1375இல் வரைந்த கட்டலான் நிலப்படத்தில் பொற்கட்டி ஏந்திய மூசாவின் உருவம் இடம்பெற்றது என்பதும் சொல்லத் தக்கனவே. ஆனால் அவர் பரிவாரத்தில் ஆயிரக்கணக்கான அடிமைகள் நடந்தனர் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம். இருளென்று சொன்னவனுக்கு மறுமொழியாக, எல்லாம் ஒளியே என்று நாம் புனைந்துரைக்க வேண்டுவதில்லை.

மாலிப் பேரரசை நிறுவியவர் சுந்தியாத்தா. 1235ஆம் ஆண்டையொட்டிக் கிரினா போர்க்களத்தில் வென்றவர். பிறந்து பல்லாண்டு நடக்க இயலாதிருந்து, இரும்புத் தடியை ஊன்றி எழுந்து நின்ற பிள்ளை என்று அவர் கதை சொல்லும். இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர் ஜெலி எனப்படும் பாணர். நூலின்றி நெஞ்சிலே வரலாற்றைச் சுமந்தவர்கள். கொல்லரையும் தோல்வினைஞரையும் போலவே இவர்களும் பிறப்பால் அத்தொழிலினர். கொள்வினை கொடுப்பினை தமக்குள்ளேயே. அரசனுக்கு இவர்கள் வாய் வேண்டும். மணப்பந்தலில் இவர்கள் இசை வேண்டும். ஆயினும் சமமாக அமர இடமில்லை. செனகல் நாட்டின் சில பகுதிகளில், இவர்களை மண்ணில் புதைத்தால் விளைச்சல் கெடுமென்று, பெருக்க மரத்தின் பொந்தில் பிணத்தை இட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இது நடந்தது. ஒரு நாட்டின் வரலாற்றையே காத்தவனுக்கு ஆறடி நிலம் இல்லை. இதை எழுத்தில் வைப்பதைத் தவிர நம் இளைஞர்க்கு விரிவுரை தேவையென்று தோன்றவில்லை.

திம்புக்டுவின் ஏட்டுச் செல்வத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்போம். 1591இல் மொராக்கோப் படை சோங்காய்ப் பேரரசை வீழ்த்தியபின், அஹமத் பாபா என்னும் அறிஞரைச் சிறைப்படுத்தி மராக்கேஷுக்குக் கொண்டுசென்றனர். தம் நூல்களில் 1,600 பறிபோயினவென்றும், தம் சுற்றத்தாருள் தம்மிடமே நூல்கள் குறைவென்றும் அவர் கூறினார். 2012இல் அந்நகரம் ஆயுதக்குழுக்களிடம் வீழ்ந்தபோது, ஊர்மக்களே ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் இட்டு, வண்டியிலும் படகிலும் மறைத்துத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர்.

நாம் நின்று நிதானித்து நடத்துவது தெற்கேயுள்ள பெரிய ஜிம்பாப்வேயின் பாடம். ஷோனா மக்களின் முன்னோர் பதினொன்று முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை எழுப்பிய கல்நகரம் அது. சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கருங்கல்லைக் கல்மேல் அடுக்கிய மதில். வட்டமாகச் சுற்றிவந்தால் ஏறத்தாழ 250 மீட்டர். உயரம் சில இடங்களில் 11 மீட்டர். கால்நடைச் செல்வமும் பொன் வணிகமும் அந்நகரை வளர்த்தன. சீனப் பீங்கான் ஓடுகளும் இந்தியக் கண்ணாடி மணிகளும் அங்கே கிடைத்துள்ளன. கில்வாச் சுல்தான் ஹசன் பின் சுலைமானின் காசு ஒன்றும் கிடைத்தது. இபன் பதூதா கில்வாவில் நேரில் கண்ட சுல்தான் அவரே.

1871இல் கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர் அங்கே சென்றார். வாயிலில் இருந்த மரவிட்டத்தின் சிராய் ஒன்றை எடுத்தார். நிறமும் மணமும் தம் பென்சில் மரத்தை ஒத்திருக்கக் கண்டார். பென்சில் செய்வது தேவதாரு இன மரத்தில். தேவதாரு லெபனானில் விளைவது. ஆகவே இது சேபா நாட்டரசியின் அரண்மனை என்று முடிவு கட்டினார்! அம்மரம் அந்நாட்டிலேயே வளர்வது. ஒரு பென்சிலை வைத்து ஒரு மக்களின் நகரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டனர். செசில் ரோட்சின் ஆட்கள் அந்நிலத்தைக் கைப்பற்றியபின் இக்கதை அவர்களுக்கு வசதியாயிற்று. கட்டியவர் வெளியாரென்றால், பிடுங்கியவர் திரும்பி வந்த உரிமையாளர் ஆகிவிடுவரன்றோ? 1902 முதல் அவ்விடத்தின் காப்பாளராயிருந்த ரிச்சர்ட் ஹால், ஆப்பிரிக்கர் குடியிருந்த மண்ணடுக்குகளை அழுக்கென்று கருதி அள்ளி வெளியே கொட்டினார். குப்பையென்று கொட்டியதுதான் சான்று.

1905இல் ராண்டல்-மக்ஐவர், இதைக் கட்டியவர் ஆப்பிரிக்கரே என்றார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் அம்மையார், எவரும் கலைக்காத ஓரிடத்தைத் தேர்ந்து அடுக்கடுக்காய்த் தோண்டி அதையே மெய்ப்பித்தார். எனினும் 1965இல் தானே விடுதலை அறிவித்துக்கொண்ட ரொடீஷிய வெள்ளையராட்சி, இவ்வுண்மையைச் சொல்வோரை நெருக்கிற்று. தொல்பொருள் அதிகாரி பீட்டர் கார்லேக் 1970ஐ ஒட்டி நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1980இல் விடுதலை பெற்ற நாடு அக்கல்நகரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. அங்கே கிடைத்த மாக்கல் பறவையைக் கொடியில் ஏற்றியது.

இப்பாடம் நடத்திய ஓராண்டில், மலையடிவாரப் பள்ளியொன்றில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சாந்தில்லாமல் கல் அடுக்குவது பெரிதா, தன் தாத்தா அடுக்கிய கல்கட்டும் அப்படித்தான் என்றாள். அழைத்துவரச் சொன்னோம். மறுவாரம் வந்தார். முதலில் வகுப்பறைக்குள் வரமாட்டேனென்று வாசலிலேயே நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர், கல்லுடைப்பிலேயே தலைநரைத்தவர். பாறைமேல் தீ மூட்டி, சூட்டில் மேலேடு விட்டுப் பலகையாய்ப் பிரிவதையும், அதை நெம்பி எடுப்பதையும் பிள்ளைகளுக்குக் கையசைத்துக் காட்டினார். ஜிம்பாப்வேயின் பாறையும் அவ்வாறே ஏடேடாய்ப் பிரிவது.

பிறகு மதிலின் படத்தைக் கையில் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். வெளிச்சத்துக்காகச் சன்னலோரம் சென்று மீண்டும் பார்த்தார்.

“இது ஒரே ஆள் காலத்து வேலை இல்லைங்க ஐயா. இந்தப் பக்கம் கல்லு முன்னே பின்னே இருக்கு, வரி சரியில்லை. அந்தப் பக்கம் வரி நூல் பிடிச்சாப்பல போகுது. பழகப் பழகக் கை திருந்தியிருக்கு. இங்கே ஆரம்பிச்சு அங்கே முடிச்சிருக்காங்க.”

1961இல் ஆண்டனி விட்டி என்பார் அம்மதில்களை ஆராய்ந்து, வரிசை திருந்தாத கட்டு, வரிசை திருந்திய கட்டு என்று வகைபிரித்து வெளியிட்டிருந்தார். வரிசை திருந்தாதது முந்தியது, திருந்தியது பிந்தியது. அதை நாம் பெரியவரிடம் சொன்னோம். அவர் படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அந்தக் கல் இன்னும் சரியாமல் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார். நிற்கிறது என்றோம்.